ஒரு பேஸ்மென்ற், நாலு பிறைமர், பூசாமல் விட்ட ஒரு சுவர்

கதவைத் திறந்த அக்கா வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெயின்ற் தோலை என்னிடம் நீட்டினார். எங்கும் கிழியாமல் பொரிக்காத பப்படம் மாதிரி முழுசாக வந்திருந்தது.

"தம்பி, இது பாத்ரூம் சுவர். நான் உரிக்கேல்லை. துவாய் கொழுவப் போனன், தானாக் கையோட வந்திட்டுது."

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டின பங்களோ அது. கீழே ஏறத்தாழ 700 சதுர அடி பேஸ்மென்ற். ஓர் அறை, சின்னக் குசினி, பாத்ரூம், நடுவே ஹோல், பின்பக்கம் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கிற அறை. படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிற இடம். 2024 யூலை 16 மழை ரொறன்ரோக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் அன்று மட்டும் 98 மி.மீ. அளவில் கொட்டியது. இந்த வீட்டுக்குள்ளும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அந்த இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்து நனைந்த ட்ரைவோலின் (கடதாசி போர்த்த ஜிப்சம் சுவர்ப்பலகை) கீழ்ப்பாதியை வெட்டி மாற்றியிருக்கிறார். பிறகு, "பெயின்றும் பிறைமரும் ஒன்றாக" என்று எழுதின ஐந்து கலன் வாளி ஒன்றை உடைத்து, அறை, குசினி, பாத்ரூம், கட்டுச் சுவர், சீலிங் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் வெள்ளை செமிகிளாஸ் (அரைப் பளபளப்பு) பெயின்ற் இரண்டு கோற் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த ஏப்ரலில் நான் போனபோது நாலு இடத்தில் நாலு விதமாகக் கெட்டிருந்தது.

அக்கா கேட்ட முதல் கேள்வி, எல்லோரும் கேட்பதுதான். "எந்தப் பெயின்ற் தம்பி நல்லது?"

அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பெயின்றைத் தெரிவு செய்வது கடைசி வேலை. முதலில் அந்தச் சுவரின் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். பெயின்றுக்கு முன் அடிப்பூச்சாகப் போடும் பிறைமரைத் தீர்மானிப்பது அதுதான். அறையின் பெயரோ வாளியில் ஒட்டியிருக்கும் படமோ அல்ல. இரண்டும் ஒன்றாக வரும் வாளியை நான் குறை சொல்லவில்லை. அது கொஞ்சம் தடித்த, மறைக்கும் திறன் கூடின பெயின்ற், அவ்வளவுதான். ஏற்கெனவே நன்றாகப் பிடித்து நிற்கிற சுவருக்கு நிறம் மாற்றத் தாராளமாகப் போதும். இந்த வீட்டில் அப்படி ஒரு சுவர்கூட இருக்கவில்லை.

முதல் நாள்

அன்று ஒரு வாளியும் திறக்கவில்லை. கொண்டுபோன சாமான்: வெட்டும் கத்தி, அகலமான ரேப், தெளிந்த பிளாஸ்ரிக் விரிப்பு, ஈரம் பார்க்கும் மீற்றர், பஞ்சு, ஒரு போத்தல் மெதைல் ஹைட்ரேற் (மெதனோல்). கடைசிச் சாமான் இங்கே எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். பழைய பெயின்ற் எண்ணெயா தண்ணீரா என்று அறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பஞ்சில் நனைத்துச் சுவரில் தேய்த்தால் தண்ணீர்ப் பெயின்றான லேற்றெக்ஸ் இளகிப் பஞ்சில் ஒட்டும், எண்ணெய்ப் பெயின்ற் அசையாது.

பாத்ரூமில் கத்தியால் ஒரு பெருக்கல் குறி கீறி, மேலே ரேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்தேன். வெள்ளைத் தோல் ரேப்போடு வந்தது. அடியில் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இன்னொரு தோல், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பஞ்சால் தேய்த்தேன். வெள்ளை கரைந்தது, மஞ்சள் அப்படியே நின்றது. சங்கதி விளங்கிவிட்டது. பழைய எண்ணெய்ப் பெயின்றை ஒரு முறைகூடத் தேய்க்காமல் அதன்மேல் லேற்றெக்ஸ் ஏறியிருக்கிறது. வழுக்குப் பாறையில் மண் அப்பினது போலத்தான்.

இந்தப் பழைய தோலைச் சுரண்டுவதற்கு முன் இன்னொரு காரியம் இருந்தது. கனடாவில் வீட்டுக்குள் பூசும் பெயின்றின் ஈயத்துக்குச் சட்டம் வரம்பு வைத்தது 1976இல். அதற்கு முந்திய வீடென்றால் உலர்ந்த தூசு எழுப்பக்கூடாது, பரிசோதிக்காமல் தேய்க்கவே கூடாது. பழைய ட்ரைவோல் இணைப்புப் பசையில் அஸ்பெஸ்ரஸ் இருக்கவும் இடமுண்டு. இரண்டுக்கும் துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். ஒரு கிழமை வேலை நின்றது. அக்காவுக்கு முகம் சரியில்லை, வாடகை போகிறதே. இரண்டும் இல்லை என்று வந்த பிறகுதான் சான்ட்பேப்பரைக் கையில் எடுத்தேன். அப்போதும் நனைத்துத்தான் தேய்த்தது.

பாத்ரூம்

சுவரை விடச் சீலிங்கில்தான் எனக்குச் சந்தேகம். ஃபானைப் போட்டு, ரொய்லெற் கடதாசி ஒரு துண்டை அதன் மூடியில் வைத்தேன். உறிஞ்சிப் பிடிக்கவேண்டிய கடதாசி இலை மாதிரி ஆடி ஆடிக் கீழே விழுந்தது. மூடியைக் கழற்றி ரோர்ச் அடித்தால், காற்றுக்குழாய் கழன்று இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. இவ்வளவு காலமும் குளிக்கிற ஆவியெல்லாம் வெளியே போகாமல் மேல்வீட்டுத் தரைக்கு அடியில் போயிருக்கிறது. ஃபான் சத்தம் கேட்டால் வேலை செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பது.

இதைச் சரிப்படுத்தாமல் உலகத்திலேயே விலை கூடின பாத்ரூம் பெயின்றை அடித்தாலும் காசு தண்ணீரில்தான். பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து பெயின்றுக்குள் இருப்பது உண்மை. ஆனால் அது பெயின்றின் மேற்தோலைத்தான் காக்கும், அறையைக் காயவைக்காது. குழாயை வெளிச்சுவர் வரை ஒழுங்காகக் கொண்டுபோய் விட வேறொருவரைப் பிடித்தோம். ஃபான் நிமிடத்துக்கு 50 கன அடி இழுக்கிற புதிது. குளித்து முடிந்தும் 20 நிமிடம் ஓடட்டும் என்று ரைமர் சுவிட்சும் வைத்தாயிற்று.

சீலிங் மூலையில் கறுப்புப் புள்ளிகள், இரண்டு கைப்பிடி அளவு. அக்கா பிளீச் போத்தலோடு வந்து நின்றார். தேவையில்லை என்றேன். இவ்வளவு சின்ன இடத்துக்குப் பாத்திரம் கழுவுகிற சோப்பும் தண்ணீருமே போதும் என்றுதான் ஹெல்த் கனடாவும் சொல்கிறது. கழுவித் துடைத்துக் காயவிட்டோம்.

பிறகு வெள்ளைத் தோலில் வரக்கூடியதெல்லாம் சுரண்டினோம். வர மறுத்த இடங்களில் விளிம்பு தெரியாமல் பசை இழுத்து மட்டப்படுத்தி, 150ஆம் இலக்கச் சான்ட்பேப்பரால் மஞ்சள் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தோம். அதன்மேல் போட்டது பிடிமானப் பிறைமர், அக்ரிலிக் யூரெதேன் வகை, தண்ணீரில் கலந்தது. மேசைக் கண்ணாடியில், ரைலில்கூடப் பிடிக்கிற சாதி அது. என் கடைக்காரர் தருவது ஸ்ரிக்ஸ். ஒரு கலன் வாங்கும்போது வயிறு எரியும். ஆனாலும் எண்ணெய்ப் பளபளப்புக்கும் புதுப் பெயின்றுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கை பிடிக்க நான் நம்புகிற ஆள் இதுதான். மறுநாள் நகத்தால் கீறிப் பார்த்தேன். கீறல் விழுந்தது, தோல் வரவில்லை.

மேல் பெயின்றில்தான் அக்காவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. "பாத்ரூம் எண்டா செமிகிளாஸ்தானே தம்பி, ஊருலகமெல்லாம் அப்பிடித்தானே அடிக்குது?" அடிக்கிறார்கள்தான். எண்ணெய்ப் பெயின்ற் காலத்தில் பளபளப்புக்குத்தான் தண்ணீர் தாங்கும் சக்தி, அந்த நம்பிக்கை அங்கிருந்து வந்தது. இன்றைக்கு நூறு வீத அக்ரிலிக்கில் பாத்ரூமுக்கென்றே செய்த, பளபளப்பில்லாத மற் பெயின்றும் உண்டு, இலேசான பளபளப்புள்ள சட்டினும் உண்டு. ஒட்டுப்போட்டு மட்டப்படுத்தின சுவரில் செமிகிளாஸ் அடித்தால் லைற் போட்டவுடன் ஒவ்வொரு மேடும் பள்ளமும் சொல்லிக் காட்டும். சட்டினில் இணங்கினோம். ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சீலிங்குக்கும் அதே பெயின்ற்தான். ஆவி முதலில் போய் முட்டுகிற இடத்துக்கு மலிவான சீலிங் வெள்ளையை அடித்துவிட்டுச் சுவருக்கு விலைகூடினதை அடிப்பது எனக்கு இன்றும் விளங்காத வழக்கம்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் எப்போதும் ஒரு வாளி கூடத்தான் தலையில் கட்டுவார்கள். அறை 5க்கு 8 அடி, உயரம் 7. சுற்றளவு 26 அடி, ஏழால் பெருக்க 182. ரைல் ஒட்டின இடம் 60, கதவு 20 கழித்தால் ஏறத்தாழ 100. சீலிங் 40. மொத்தம் 140, இரண்டு கோற்றுக்கு 280 சதுர அடி. ஒரு கலன் 350 முதல் 400 வரை போகும். ஒரு வாளி போதும், மிச்சமும் இருக்கும்.

பெயின்ற் முடிந்து ஒரு கிழமைக்கு யாரும் அங்கே குளிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி.

"தம்பி, சுவர் அழுகுது."

அழுவதைச் சொல்கிறாரா அழுகிப்போவதைச் சொல்கிறாரா என்று தெரியாமல் பாதித் தேநீரோடு ஓடினேன். புதிதாக வந்த பிள்ளை வந்த கையோடு அரை மணித்தியாலம் சுடுதண்ணீரில் குளித்திருக்கிறார். சீலிங்குக்குக் கீழே தேநீர் நிறத்தில் கோடு கோடாக வடிந்து, தொட்டால் பிசுபிசுத்தது. பூஞ்சணம் அல்ல, கறையும் அல்ல. லேற்றெக்ஸ் பெயின்ற் தண்ணீரோடு சீராகக் கலந்து நிற்பதற்காகச் சோப்பு மாதிரியான சில பொருட்கள் சேர்த்திருப்பார்கள். தோல் முற்றாக இறுகுவதற்குள் ஆவி பட்டால் அவை வெளியே கசியும். கைக்குத் தொடக் காய்வது சில மணித்தியாலம், உள்ளே இறுக மூன்று நாலு கிழமை. ஈரத்துணியால் துடைத்தேன், போய்விட்டது. மறுபடி ஒருமுறை வந்தது, அதையும் துடைத்தார்கள். மூன்றாம் முறை வரவில்லை.

ஹோல் சீலிங்கின் வட்டம்

மேல்வீட்டு ரொய்லெற்றுக்கு நேர்கீழே, பழுப்பில் ஒரு வட்டம். முன்னம் வந்தவர் மூன்று தரம் அடித்திருக்கிறார், மூன்று தரமும் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கறை தண்ணீரில் கரைவது. தண்ணீர்ப் பெயின்றை மேலே அடித்தால் கறை அதே தண்ணீரில் கரைந்து, பெயின்ற் காயும்போது மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும். தடிப்பாக அடித்தால் நின்றுவிடும் என்பது வீண் நம்பிக்கை.

முதலில் பிளம்பர் ரொய்லெற்றின் அடி மெழுகு வளையத்தை மாற்றினார். இரண்டு கிழமை விட்டு மீற்றர் வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பிறகு ஷெலாக் பிறைமர், ஸின்ஸர் பின் என்ற பெயரில் வருவது. ஷெலாக் என்பது வேறொன்றுமில்லை, நம் அரக்குத்தான். மரக்கிளையில் ஒட்டி வாழும் பூச்சி சுரக்கிற பிசினை அற்ககோலில் கரைத்தது. பாண்டவரை வைத்துக் கொளுத்தப் பார்த்த மாளிகையின் சரக்கை நான் ஸ்காபரோவில் சீலிங்குக்குப் பூசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க எப்போதும் சிரிப்பு வரும். தண்ணீர் இல்லாததால் கறை கரையாது. முக்கால் மணித்தியாலத்தில் அடுத்த கோற் போடலாம்.

சிரிப்போடு ஒரு பயமும் உண்டு. அந்த ஆவி தீப்பிடிக்கும். பேஸ்மென்ற் என்றால் பக்கத்திலேயே எரிவாயு வாட்டர் ஹீற்றரும் ஃபேர்னஸும் இருக்கும். இரண்டையும் அணைத்து, யன்னலில் ஃபான் வைத்து வெளியே தள்ளி, முகத்தில் ஆவி வடிக்கும் மாஸ்க் போட்ட பிறகுதான் மூடியைத் திறந்தேன். வட்டத்தைத் தாண்டி ஒரு சாண் அகலம் சுற்றிவர, இரண்டு கோற். பிரஷ்ஷை மெதைல் ஹைட்ரேற்றில் கழுவினேன். இந்த வட்டத்துக்கு ஒரு குவாட் (கால் கலன்) டப்பாவே அதிகம். அக்கா பிறகு, அப்படியானால் பாத்ரூம் முழுக்க இதையே அடித்திருக்கலாமே என்று கேட்டார். நாளும் ஈரம் படிகிற இடத்தில் சுவர் முழுக்க அரக்குப் பூச நான் விரும்புவதில்லை.

அறையும் குசினியும்

இவற்றில் பெரிய புதினம் இல்லை. அறையில் பழைய ட்ரைவோலும் புதிய ட்ரைவோலும் சந்திக்கிற இடத்தில், யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது இணைப்புகள் எல்லாம் பட்டி பட்டியாகத் தெரிந்தன. பசை பூசின இடம் ஒரு விதமாக உறிஞ்சும், கடதாசி வேறு விதமாக உறிஞ்சும். பிறைமர் இல்லாமல் பளபளப்பை அடித்தால் அந்த வேறுபாடு மேலே வந்து நிற்கும். இதற்கென்று உள்ளது பி.வி.ஏ. பிறைமர். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசையின் உறவு, மலிவு, உறிஞ்சலைச் சமப்படுத்துவதில் கெட்டிக்காரன். ஆனால் பூசாத புது ட்ரைவோலுக்கு மட்டும். ஒருமுறை செமிகிளாஸ் ஏறின பிறகு அதற்கு அங்கே வேலையில்லை. உடுப்பு அலுமாரியின் உட்பக்கமும், நாங்கள் புதிதாக எழுப்பின ஒரு தட்டியும் மட்டும் வெறும் ட்ரைவோலாக இருந்தன, அவற்றுக்கு பி.வி.ஏ. மற்றச் சுவர்களைத் தேய்த்து மங்கவைத்து, நூறு வீத அக்ரிலிக் பிறைமர் ஒரு கோற், மேலே சட்டினைவிடப் பளபளப்புக் குறைந்த எக்ஷெல் இரண்டு கோற். நிறம் அக்காவின் மகள் தெரிந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும் என்று சொல்லி, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைக்குப் போனார். சரியான முடிவு.

குசினிச் சுவரில் பொரித்த எண்ணெய்ப் படலம். ரி.எஸ்.பி. என்ற கழுவும் தூளைக் கரைத்துக் கழுவியபோது வாளித் தண்ணீர் மஞ்சள் தண்ணீராகவே ஓடியது, இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் தெளிந்த பிறகு, அறைக்கு அடித்த அதே அக்ரிலிக் பிறைமர். எண்ணெய்மேல் எந்தப் பிறைமரும் நிற்காது, அது எவ்வளவு விலையானாலும்.

பூசாமல் விட்ட சுவர்

ஃபேர்னஸ் அறையின் பின்சுவர் கொங்கிறீற் புளொக். வெள்ளைப் பெயின்ற் கொப்பளித்து, கொப்பளத்துக்குள் மா மாதிரித் தூள். அக்கா அதையும் பூஞ்சணம் என்றே நினைத்திருந்தார். தண்ணீர் தெளித்தேன், தூள் கரைந்து காணாமல் போனது. பூஞ்சணம் அப்படிக் கரையாது. இது உப்பு. வெளி மண்ணின் ஈரம் புளொக்குக்குள்ளால் வரும்போது அதிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, உள்பக்கம் தண்ணீர் ஆவியாக, உப்பை விட்டுவிட்டுப் போகும். பளிங்காக வளர்கிற உப்பு பெயின்றைப் பின்னால் இருந்து தள்ளும்.

பெயின்றைச் சுரண்டின இடத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்ரிக்கை நாலு பக்கமும் ரேப்பால் அடைத்து ஒரு நாள் விட்டேன். மறுநாள் துளிகள் பிளாஸ்ரிக்கின் சுவர்ப்பக்கம். அறை ஈரமாக இருந்தால் துளி இந்தப் பக்கம்தான் நிற்கும். ஆக, தண்ணீர் சுவருக்குள்ளால் வருகிறது.

வெளியே போய்ப் பார்த்தால் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. கூரைத் தண்ணீர்க் குழாய் நேரே அந்தச் சுவரின் காலில் வந்து முடிகிறது. மண்ணும் வீட்டுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. குழாயை ஆறடி நீட்டினோம். அக்காவின் கணவரும் நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க மண் போட்டுச் சரிவைத் திருப்பினோம். இந்த முழு வேலையிலும் அதிகம் பயன்பட்டது அந்தச் சனிக்கிழமைதான், அதற்கு நான் பில் போடவும் இல்லை.

தண்ணீர் தடுக்கும் கட்டுச்சுவர்ப் பெயின்ற் அடிக்கலாமே என்று அக்காவின் கணவர் கேட்டார். ட்ரைலொக் மாதிரியானவை நல்ல சரக்குத்தான். ஆனால் வெறும் கல்லில் மட்டும்தான் பிடிக்கும், உப்பும் பழைய பெயின்றும் முற்றாகப் போயிருக்கவேண்டும். எல்லாம் செய்தாலும், வெளியே தேங்கின தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தால் அது வேறு வழி பார்க்கும். கீழே இறங்கும், பக்கத்து மூலையால் வரும். சுவர் மூச்சு விட்டுக் காயட்டும், ஒரு வருடம் வெறுமனே இருக்கட்டும் என்றேன். கம்பிப் பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, தூசை உறிஞ்சி எடுத்துவிட்டு நிறுத்தினோம். வாடகைக்கு விடுகிற இடத்தில் வெறும் கல் தெரிவது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு திரை கட்டினார்.

யூலையில் இன்னொரு சிக்கல். காற்று வரட்டும் என்று பிள்ளைகள் பேஸ்மென்ற் யன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஊரில் வளர்ந்த நமக்கும் அதுதான் சரியாகப் படும். ஆனால் வெளியே 26 பாகை, ஈரப்பதன் 70 வீதம் என்றால் அந்தக் காற்று 20 பாகையிலேயே தண்ணீராகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் சுவர் அதைவிடக் குளிர். திறந்த யன்னலால் ஈரத்தை வருந்தி அழைத்துச் சுவரில் பூசுகிற வேலைதான் அது. யன்னலைப் பூட்டி, ஈரமுறிஞ்சும் மெசின் ஒன்றை 50 வீதத்தில் வைத்து, அதன் குழாயைத் தரை வடிகாலுக்குள் விட்டோம்.

ஒக்ரோபரில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பாத்ரூமில் அதே பெருக்கல் குறிப் பரிசோதனையைக் கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் செய்தேன். ரேப் வெறுமனே வந்தது. சீலிங் வட்டம் இருந்த இடத்தை அக்காவே சரியாகக் காட்ட முடியாமல் இரண்டு இடத்தைக் காட்டினார். பிழை என்று ஒன்றைச் சொல்வதானால் அறைக் கதவுச் சட்டம். அதுவும் பழைய எண்ணெய்ப் பெயின்ற்தான். அவசரத்தில் பிடிமானப் பிறைமர் போடாமல் அடித்திருக்கிறேன், பூட்டுக்குப் பக்கத்தில் நக அளவு பெயர்ந்திருந்தது. என் பிழை, அன்றே தேய்த்துத் திருத்தினேன்.

பிறகு ஃபேர்னஸ் அறைத் திரையை விலக்கினோம். சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் காய்ந்து நின்றது. குழாய் இருந்த மூலையில் மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, மெல்லிய வெள்ளை. அக்கா விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"கொஞ்சந்தானே தம்பி. இப்ப அடிச்சு விடுவமோ?"

"பனி உருகட்டும் அக்கா. ஏப்ரலில பிளாஸ்ரிக் ஒட்டிப் பாப்பம்."

அவர் திரையை இழுத்து மூடினார்.